ஊசிக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த நடத்துநர்களுக்கும் அவள் அக்காதான். அங்கே முதல் பெண் ஓட்டுநர் என்பதால் வந்த மரியாதை பாதி, அவள் வாய்க்குப் பயந்து வந்தது மீதி.

அப்பேர்ப்பட்டவளுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. மாத்திரைக்கு அடங்காமல் இன்சுலின் ஊசி வரைக்கும் போனால், விதிப்படி பேருந்து ஓட்ட முடியாது, டிக்கெட் மேசைதான் என்று பணிமனை மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்குள் உடற்பயிற்சி செய்து குறைத்துக் காட்டச் சொல்லிக் கெடுவும் வைத்தார். நாளெல்லாம் ஸ்டியரிங் சுற்றுகிறேனே, இதைவிட உடற்பயிற்சி வேறு உண்டா என்று வாதாடிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் அதே பணிமனையில் மெக்கானிக். அவரிடம் அந்தப் பருப்பு வேகுமா? ஒற்றை விரலுக்குத் திரும்புகிற பவர் ஸ்டியரிங் அது என்று போட்டு உடைத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் மருத்துவமனையின் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தாள். எடை தூக்கி உழைக்கிற தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்றார்கள். இவளோ இருப்பதிலேயே சின்ன டம்பெல்லாகப் பார்த்து எடுத்து, விசிறி வீசுவதுபோல ஆட்டிவிட்டு, நூறு தடவை தூக்கினேன் என்று பீற்றிக்கொண்டாள். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சிடுசிடுவென்று வந்து நின்றவளிடம் பயிற்சி தரும் பெண் சொன்னாள்:

"அக்கா, காலி பஸ்ஸ ஓட்டிட்டு, இஞ்சின் ஏன் சூடாகலன்னு கேக்குறீங்க. கொஞ்சம் ஆள ஏத்துங்க."

சுருக்கென்று உறைத்தது. மருத்துவரின் சம்மதத்தோடு, மாத்திரையையும் விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டினாள். கடைசித் தூக்கலில் கை நடுங்கினால்தான் கணக்கு. தொடைவலியில் பேருந்துப் படியேறவே முனகினாள். விட்டாளா? அவளுடையது உடும்புப் பிடி.

கெடு வைத்திருந்த பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி நன்றாகவே இறங்கியிருந்தது. இப்போதைக்கு ஊசி வேண்டாம், வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பெண்டாட்டி தூக்குகிற எடையை எவனாவது தூக்குங்கள் பார்ப்போம் என்று பணிமனை முழுக்கச் சவால் விட்டுக்கொண்டு திரிந்தார்.

இவள் தேறமாட்டாள் என்று நினைத்து, அன்றைக்கே அவள் பேருந்துக்கு வேறு ஓட்டுநரைப் போட்டிருந்தார்கள். அவர் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க தம்பி. அது என் சீட்டு."