பாட்டில் உருவுற கை

புயலுக்குக் கரண்ட் போச்சி, சிலிண்டரும் தீந்துபோச்சி. மொட்டை மாடி ஷெட்டுல எதிர் ஃப்ளாட்டு சுரேஷ் ஒரு தகர அடுப்பை வச்சி, மரத்தூள் மூட்டையப் பிரிச்சான். என் பொண்டாட்டி அவனையே ஆச்சரியமா பாத்துகினு இருந்தா. அந்தத் தூள் வாசனைக்கு நான் ஆவடி குவார்ட்டர்ஸுக்கே போயிட்டேன்.

சின்ன வயசுல அங்க கேஸ் தீந்தா அம்மாவும் இதே மாதிரி தகர அடுப்பை எடுப்பாங்க. நடுவுல காலி பாட்டில நிறுத்தி, சுத்தி மரத்தூளக் கொட்டிக் கை வலிக்க இடிக்கிறது நான். அப்புறம் பாட்டில உருவணும். அந்த ஓட்டையிலதான் தீ எரியும். கை ஆடினா மொத்தமும் சரிஞ்சிடும். அதுக்கு மட்டும் பக்கத்து ஊட்டு ரவியக் கூப்பிடுவாங்க. அவன் உருவினா ஓட்டை கிணறு மாதிரி நிக்கும்.

"இன்னா கைடா உனக்கு" ன்னு அம்மா முதல் தோசைய அவனுக்குத்தான் குடுப்பாங்க. சரியணும்னு நான் வேண்டாத சாமி இல்ல. ஒருநாளும் சரியல.

சுரேஷ் தூளை இடிச்சி முடிச்சிட்டு, "அண்ணே, பாட்டில நீங்க உருவுறீங்களா?" ன்னான்.

தலை நரைச்சப்புறம் வந்த சான்ஸ். மூச்சைப் புடிச்சிகினு திருகி உருவினேன். ஒரு துளி தூள் உதிரல. பெருமையா பொண்டாட்டியப் பாத்தேன்.

"சுரேஷ் தம்பி எவ்ளோ கெட்டியா இடிச்சிகீறாரு, பாருங்க" ன்னா.