கைநாட்டு வைத்தால் கப்பல்

அந்தக் கதையை முதன்முதலில் சொன்னவன் நான்தான். இதை எழுதி வைத்துவிடுவது நல்லது. வாயால் சொல்லி ஒருவரும் நம்பியதில்லை.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை எனக்கு. நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு, நீங்கள் இந்த நாட்டார் இல்லை என்று எங்களிடம் சொல்லிவிட்டார்கள். பிறகு, மனுப்போட்டால் விசாரித்துப் பிரஜாவுரிமை தருகிறோம் என்று இரண்டு வருசத் தவணை கொடுத்தார்கள். பெண்ணெடுக்க வருகிற சம்பந்திகூட அந்த மனு கேட்ட அளவுக்குக் கேள்வி கேட்கமாட்டான். தாத்தா பிறந்த ஊர் எது என்றும் அதில் ஒரு கேள்வி.

ஒருநாள் காலை பெரட்டுக்களத்தில், பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறக் காத்து நின்றோம். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"தாத்தா ஊரை எதுக்குக் கேக்குறாங்க தெரியுமா? நம்மளக் கப்பல்ல ஏத்தி அனுப்பினா, எந்த ஸ்டேசன்ல எறக்கி விடணும்னு தெரியணும்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். கங்காணிகூடச் சிரித்தார். நான் அதை அங்கேயே மறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போனேன். தேத்தண்ணிக் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் என் காதருகே குனிந்தார். "விசயம் தெரியுமாங்க? கைநாட்டு வச்சா கப்பலு. கொழும்புல கொண்டாந்து நிறுத்திட்டாங்களாம். உள்ளுக்கு நம்ம லயத்து வரிசை மாதிரியே குடும்பத்துக்கு ஒரு காம்பராவா அடிச்சிருக்காங்களாம்." நான் பெற்ற பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து என்னிடமே வழி கேட்டதுபோல இருந்தது. அட பாவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கதை எடுபட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் தாத்தாமார் திருச்சிப் பக்கம் ஏதோ ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள், பின்னாலேயே கப்பல் வந்தது. மழைக்குப் பின்னால் அட்டை, கைநாட்டுக்குப் பின்னால் கப்பல். அதற்கப்புறம் தோட்டத்தில் எது நடந்தாலும் விளக்கம் தயாராக இருந்தது. எங்கள் லயத்துக்கு வெள்ளையடித்தார்கள்: புதிதாகக் குடியேற வருகிறவர்களுக்காகவாம். மேல் லயத்துக்கு அடிக்கவில்லை: சந்தேகம் வராமல் இருக்கவாம். துரை காய்ச்சலில் படுத்திருந்தால், கொழும்புக்குக் கப்பல் பார்க்கப் போயிருக்கிறார். எங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டித்தர ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர்களை ஏமாற்றப் பெரிய பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து மூளையைக் கசக்குகிறார்கள் என்றால், அதுவே ஒரு மரியாதையாக இருந்தது.

பக்கத்துக் காம்பராவில் ஓர் அண்ணன் இருந்தார். அவரும் கவ்வாத்துக்காரர்தான். அந்தக் காம்பராவிலேயே பிறந்தவர், நாலு பிள்ளைக்குத் தகப்பன். கணக்கப்பிள்ளையைப் பிடித்து அவருடைய மனுவை முழுவதும் எழுதி வாங்கியிருந்தார். கைநாட்டு ஒன்றுதான் பாக்கி. கப்பல் கதை வந்ததும் மனுவை மடித்துத் தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

மறுநாள் பெரட்டில், "ஐயா, அது நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னது. கப்பலுமில்ல, கத்தரிக்காயுமில்ல. போய் மனுவக் குடுங்க," என்று சத்தம் போட்டுச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன்தான் என் தோளில் கை வைத்தார். "பாவம், தம்பிய மெரட்டி வச்சிருக்காங்க," என்றார் மற்றவர்களைப் பார்த்து. எல்லோரும் தலையாட்டினார்கள்.

இதைவிட வெட்கக்கேடு இனிமேல்தான். இத்தனை பேர் நம்புகிறார்களே, ஒருவேளை நான் தெரியாமல் சொன்னது நிசமாகவே இருந்துவிட்டால் என்று எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. என் மனுவையும் நான் தள்ளிப்போட்டேன். என் மனைவி ஒருநாள் ரொட்டிக்கு மாப் பிசைந்த கையோடு எழுந்து வந்தாள்.

"ஏங்க, நீங்க கட்டின கதைய நீங்களே நம்புறீங்களா? கப்பல் வந்தா நான் ஏறிக்கிறேன். நீங்க கையெழுத்தப் போடுங்க."

போட்டேன். ஆனால் யாருக்கும் தெரியாமல், தவணை முடிய நாலு நாள் இருக்கும்போது ஹட்டனுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது அண்ணன் வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "எங்க தம்பி போயிட்டு வர்றீங்க?" என்றார். மருந்துக்கு என்றேன். நானும் வச்சிட்டேன், நீங்களும் வைங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர் என்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லுமே என்று வாயை மூடிக்கொண்டேன். மூட வேண்டிய நாளில் மூடாத வாய்.

தவணை முடிந்தது. கொழும்பிலிருந்து ஒரு கப்பலும் புறப்படவில்லை. நாம் கைநாட்டு வைக்காததால்தான் புறப்படவில்லை என்றார்கள். விசாரணை என்று பல தடவை இழுத்தடித்துவிட்டு, சில வருசம் கழித்து எனக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. அதை நான் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

அறுபதுகளின் நடுவில் ஒப்பந்தம் வந்தது. இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து எங்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டார்கள். பிரஜாவுரிமை இல்லாதவர்களைத்தான் பிரித்தார்கள். பேப்பரில் வந்ததை வாசித்துச் சொல்லச் சொல்லி அண்ணன் என் காம்பராவுக்கு வந்தார். வாசித்தேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"பாத்தீங்களா தம்பி! கப்பல் வரும்னு அன்னிக்கே சொன்னீங்க. ஒரு சொல்லு பெசகல." பிறகு கொஞ்சம் தயங்கினார். "எங்க தாத்தா ஊரு எதுன்னு எனக்குத் தெரியாது. எங்கள எந்த ஸ்டேசன்ல எறக்குவாங்க?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கதை நான் கட்டியது என்றேன். கையெழுத்தும் போட்டேன், பிரஜாவுரிமையும் கிடைத்துவிட்டது, உங்களிடம் மறைத்துவிட்டேன் அண்ணே என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அண்ணன் எழுந்து போய்க் கதவை ஒருச்சாய்த்துவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க போட்டது எனக்கு அப்பவே தெரியும் தம்பி," என்றார் மெதுவாக. "மெரட்டித்தானே வாங்கியிருப்பாங்க. நான் யாருகிட்டயும் சொல்லல."