குங்குமம் வைத்த ரவைகள்

என் சிநேகிதன் குணத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது கைபேசித் திரையில். அதிலும் அவனுடைய முகம் தெரியவில்லை. சுட்டு முடிந்த துவக்கு ரவையின் பித்தளைக் கோது ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, அதன் அடியை என் கண்ணுக்குள் திணிப்பதுபோலக் காட்டிக்கொண்டிருந்தான். அடியின் நடுவில் ஊசி அடிக்கும் தொப்பி சப்பளிந்து கிடந்தது; வெடிமருந்து கூடினால் அப்படித்தான். "துவக்குப் பூட்டு லேசாத் திறந்ததோ?" என்று கேட்டேன். "லேசாத்தான். மரக்கட்டையாலை ஒரு தட்டுத் தட்டினனான், தில்லை" என்றான். இரண்டு நாள் கழித்து, இடியப்பம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவன் எழும்பவில்லை. இருதயம். துவக்கு ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் தொழிலில் ஆளின் முகத்தைப் பார்த்து ஒன்றும் அறிய முடியாது. கோதின் அடியைப் பார்த்தால் பொய் சொல்கிறானா என்று தெரிந்துவிடும். கனடாவில் கையால் ரவை நிரப்புகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருந்து தொலைபேசியில் யோசனை சொல்வதுதான் என் தொழில். என்னிடம் துவக்கு இல்லை, மருந்து இல்லை. இந்த ஊரில் இருக்கவும் கூடாது. கணக்கு எழுத ஒரு சீ.ஆர். கொப்பியும் கண்ணாடியும் உண்டு. இருபத்தாறு வருடம் அங்கே கடைச்சல் இயந்திரத்தில் நின்றபோது, வாசித்தும் பிழைவிட்டும் நானாகப் படித்த வித்தை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லண்டனில் இருந்து அழைக்கும் மகளுக்கு இங்கே இருந்தபடி மல்லி அவிக்கச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு என் வேதனை விளங்கும். நாங்கள் சொல்வதெல்லாவற்றுக்கும் "ஓம்" என்பார்கள். பிறகு தங்கள் எண்ணப்படி செய்வார்கள்.

குணம் விட்டுப்போன ரவைகள் நாற்பத்துமூன்று. அவற்றில் சில, சுடுகிறவனின் கண்ணைக் கொண்டுபோகக்கூடியவை. எவை என்று யாருக்கும் தெரியாது. அந்த நிலைமை எப்படி வந்தது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

பெயர் வைத்தல்

கடையில் விற்கிற ரவையின் கோதை எடுத்து, கழுத்தை ஒடுக்கி, தோளை முன்னுக்குத் தள்ளி, தனக்கென்று ஒரு உருவம் செய்துகொள்வது அங்கே சிலருக்குப் பிடிக்கிற விசர். அப்படிப்பட்ட ரவைக்கு வைல்ட்கற், அதாவது காட்டுப்பூனை, என்று பெயர். அது எந்தக் கடையிலும் கிடைக்காது. துவக்கின் குழலையும் அதற்கென்றே கடைய வேண்டும். எவ்வளவு மருந்து போடலாம் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. குறைவாகத் தொடங்கி, எப்பன் எப்பனாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் கோதின் அடியைப் பார்த்து, எங்கே நிற்பது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

கனடாவில் இருந்தபோது நானும் குணமும் எட்டு மாதம் சேர்ந்து அப்படி ஒன்றைச் செய்தோம். செய்து முடித்த அன்றே சண்டை. குழலில் என்ன பெயர் வெட்டுவது? கணக்கெல்லாம் போட்டவன் நான், ஆகவே என் ஊர் "கோப்பாய்" என்றேன். துவக்கு தன்னுடையது, ஆகவே தன் ஊர் "சண்டிலிப்பாய்" என்றான் அவன். மூன்று வாரம் கதைபேச்சு இல்லை. கடைசியில் சண்டிலிப்பாய் என்றே வெட்டினான். அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள். தேத்தண்ணீர் வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஊரிலையெண்டா வேலிக்குச் சண்டை பிடிப்பியள். இஞ்சை வேலி இல்லையெண்டு துவக்குக் குழலிலை பிடிக்கிறியள்."

கடதாசி வேட்டை

மனைவி போன பிறகு நான் கோப்பாய்க்குத் திரும்பினேன். பக்கத்து வளவுத் தங்கராசா தோட்டக்காரன். மரவள்ளியும் மிளகாயும் போடுகிறவன். என் தொழிலைக் கேள்விப்பட்டு, பெரிய மரியாதையோடு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணை, அங்கை என்ன சுட்டனீங்கள்? மானோ, கரடியோ?"

"ஒண்டும் இல்லை. குணத்தின்ரை வீட்டிலை மச்சம் மாமிசம் காய்ச்சுறதில்லை. மனுசி பூமணி வெள்ளி, செவ்வாய், சட்டி, பிரதோசம் எல்லாம் விரதம் பிடிக்கிறவ. சுட்டதெல்லாம் கடதாசி."

"கடதாசியோ?"

முந்நூறு கெஜம் தூரத்தில் கடதாசியை ஒட்டி, ஐந்து ரவையும் ஒரு ரூபாய்க் காசுக் குத்தி அளவுக்குள் விழுவதற்கு நாங்கள் பட்ட பாட்டை விளக்கினேன். காற்று, வெயில், கழுத்தின் இறுக்கம், மருந்தின் அளவு எல்லாம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். அந்த நேரம் மதிலில் இருந்து அவனுடைய மிளகாய்க் கன்றுகளுக்குள் ஒரு மயில் குதித்தது. எழும்பி, ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்து, அதைக் கலைத்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னான்: "எட்டு மாதமா ரெண்டு பேர் கடதாசியோடை மினைக்கெட்டிருக்கிறியள். அது ஓடியும் இருக்காதே, அண்ணை?"

மினிபஸ்

யாழ்ப்பாணத்தில் இருந்து மினிபஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது குணம் அழைத்தான். சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. நான் கத்தினேன்: "மருந்தைக் குறை! குறைக்காட்டி முகத்துக்கு முன்னாலை வெடிக்கும்!" பாட்டை நிறுத்தினார் நடத்துநர். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா தன் இடம் வருவதற்கு இரண்டு தரிப்புக்கு முன்னரே இறங்கிப்போனா.

மறுநாள் காலை பொலிஸ் வந்தது. இரண்டு பேர். தமிழ்ப் பொடியன் ஒருவன் கேள்வி கேட்டான். துவக்கு எங்கே? கனடாவில். மருந்து? அதுவும் கனடாவில். ரவை? அங்கேதான். "அப்ப உங்களிட்டை என்னதான் இருக்கு?" கொப்பியைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாக எண்கள். சுட்டதையெல்லாம் குணம் தொலைபேசியில் சொல்ல, நான் இங்கே எழுதிவைத்தது. குணத்தின் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. எழுதுவது அவனுக்கு வேப்பங்காய். பொலிஸ்காரன் கொப்பியைத் தலைகீழாகவும் ஒருதரம் பார்த்தான். மற்றவரோடு சிங்களத்தில் ஏதோ கதைத்தான். பிறகு திருப்பித் தந்துவிட்டுச் சொன்னான்: "ஐயா, இதை எங்கடை பெரியவருக்குக் காட்டினா, உங்கடை பேரிலை அவர் இன்னொரு கொப்பி திறப்பார். உள்ளுக்கை வையுங்கோ."

பல்லன்

எங்கள் ரவையின் புகழ் கனடாவில் பரவியது. இரண்டாவது வாடிக்கையாளர் வட்டுக்கோட்டைக்காரர். அங்கே பல் வைத்தியர். குணம் அவருக்கு வைத்த பெயர் பல்லன். எங்கள் உருவத்திலேயே அவரும் ஒரு குழல் கடைந்துகொண்டு, குணம் போடும் மருந்தின் அளவை அப்படியே தரும்படி கேட்டார்.

"அப்பிடித் தரேலாது, டொக்டர். குழலுக்குக் குழல் வித்தியாசம். அவன்ரை துவக்குக்குச் சரியானது உங்கடையை உடைக்கும். ஒருத்தற்றை கட்டுப்பல்லை இன்னொருத்தற்றை வாயிலை வைப்பியளே?"

நல்ல உதாரணம் சொல்லிவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோசம். அவர் மிக இயல்பாகச் சொன்னார்: "ஏன் வைக்கக் கூடாது? ஊரிலை எங்கடை அப்பாவும் பெரியப்பாவும் ஒரு பல்செற்றைத்தானே மாறி மாறிக் கலியாண வீடுகளுக்குப் போட்டவை."

மூன்று நிறம்

பல்லன் வேகம் அளக்கும் கருவி ஒன்றை வாங்கினார். தன்னுடைய குண்டு குணத்தின் குண்டைவிட வேகம் என்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். சண்டிலிப்பாயை வட்டுக்கோட்டை வென்றுவிட்டது. குணத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் மருந்தில் அரைக் கிறேன் கூடியது. கிறேன் என்பது மருந்து நிறுக்கும் அளவு, இரண்டு மூன்று அரிசிமணியின் நிறைதான். ஆனால் அந்த ரவையில் அது, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு அடி.

ஒரே உருவம், ஒரே பித்தளை, உள்ளே மூன்று விதமான அளவு. பெட்டியில் எழுதி ஒட்டச் சொன்னேன். எழுதுவானா? நகப்பூச்சால் அடியில் ஒரு பொட்டு வை, மற்றவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். பூமணியிடம் நகப்பூச்சு இல்லையாம். சாமி அறைக்குப் போய் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். குறைந்த அளவுக்கு விபூதி. நடு அளவுக்குச் சந்தனம். கூட்டினதுக்குக் குங்குமம். தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு ரவையின் அடியிலும் விரலால் ஒரு பொட்டு. திரையில் வரிசையாக நிறுத்திக் காட்டினான். ஒரு கோயில் உபயகாரர் சபை நிற்பதுபோல இருந்தது. சிவப்புப் பொட்டுக்காரருக்குத் தொப்பி சப்பளிகிறது, பூட்டு இறுகுகிறது, அவற்றைக் கழற்று என்று நான் மூன்று தடவை சொன்னேன். அவன் சிரித்தான்: "குங்குமம் வைச்சது அம்மன் மாதிரி, தில்லை. எப்பன் உக்கிரமாத்தான் இருக்கும்."

துடக்குக் கழிவு

அவன் செத்து இரண்டு கிழமைக்குப் பிறகு மகன் கபிலன் அழைத்தான். துவக்குப் பழகியவன், அனுமதிப்பத்திரம் உள்ளவன். அந்தியேட்டிக் கிரியை முடிந்து, முப்பத்தோராம் நாள் மத்தியானம், சொந்தக்காரர் எல்லோரும் சுடுகிற இடத்துக்குப் போய், அப்பா கடைசியாக நிரப்பிய ரவைகளை அப்பாவின் துவக்கால் சுட்டு மரியாதை செய்யப் போகிறார்களாம். லண்டனில் இருந்து சித்தப்பாவும் வந்து நிற்கிறாராம். முதல் வெடி அவருக்காம்.

"நல்லது, தம்பி. சிவப்புப் பொட்டு உள்ளதுகளை மட்டும் எடுத்து வேறையா வை."

"பொட்டு ஒண்டும் இல்லையே, மாமா. எல்லாம் பளபளவெண்டு இருக்கு."

தொலைபேசியைத் தாயிடம் கொடுக்கச் சொன்னேன். பூமணி வந்தா. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து, சாவுத் துடக்குக் கழிய வீடு கழுவியபோது, அந்த அறையில் இருந்த சாமான் எல்லாவற்றையும் ஈரத்துணியால் தானே துடைத்ததாகச் சொன்னா. ஏன் துடைத்தாய் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவ சொன்னா: "என்ரை நெத்தியிலேயே குங்குமம் இல்லை, தில்லையண்ணை. உதுகளுக்கு என்னத்துக்கு?"

எழுதினவன்

கபிலன் விடுவதாக இல்லை. தராசில் நிறுத்துப் பிரிக்கலாமே என்றான். கோதுக்குக் கோது உள்ள வித்தியாசம் அந்த அரைக் கிறேனைவிடக் கூட என்றேன். துவக்கைக் கட்டிவைத்துத் தூரத்தில் இருந்து கயிற்றால் இழுக்கலாமே என்றான். சித்தப்பாவுக்கு மரியாதை வெடியோ, பட்டத்துக் கயிறோ என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்தது.

"மாமா, அப்பா பதினைஞ்சு வரியமாச் செய்தவர். அவர் பிழையா ஒண்டும் நிரப்பியிருக்க மாட்டார்."

"பிழையா நிரப்பேல்லை. சொன்ன அளவுதான் நிரப்பினவன்."

"ஆர் சொன்ன அளவு?"

இதுவரை நான் எல்லோருக்கும் சொல்லிவந்த கதை, குணம் ரோசத்தில் தானாகக் கூட்டினான், நான் தடுத்தேன் என்பது. பாதி உண்மை. தடுத்தது கோதின் அடியைப் பார்த்த பிறகு. அதற்கு முன் நடந்தது கொப்பியில் இருக்கிறது. பல்லனின் படம் எனக்கும்தான் வந்தது. கணக்குப் போட்டவன் நான். எனக்கும்தான் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து திரைக்கு முன்னால் பிடித்தேன். கபிலனுக்கு எண் விளங்கியது. கீழே இருந்த தமிழ் விளங்கவில்லை. தாயைக் கூப்பிட்டான். பூமணி எழுத்துக்கூட்டி வாசித்தா: "'அரைக் கிறேன் கூட்டு. பல்லனுக்குக் காட்டுவம்.'" அவ கண்ணாடியைக் கழற்றினா. குசினிக்குப் போய்விட்டா.

"எத்தினை கழட்டோணும், மாமா?" என்றான் கபிலன்.

"எல்லாம்."

குண்டு கழற்றுவதற்குச் சுத்தியல் போன்ற ஒரு கருவி உண்டு. ரவையை அதற்குள் வைத்து ஓங்கித் தட்டக் குண்டு கழன்று வரும். அவன் தட்டத் தட்ட நான் இங்கே எண்ணினேன். ஒவ்வொன்றின் மருந்தையும் முற்றத்துப் புல்லில் கொட்டினான். சித்தப்பா வந்து எட்டிப் பார்த்து, "இதுக்கோ நான் ரிக்கற் போட்டனான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாற்பத்துமூன்றாவதையும் தட்டி முடித்துவிட்டு, கபிலன் திரையைப் பார்க்காமலே சொன்னான்: "நீங்கள் எழுதினா அது சட்டம் எண்டு அப்பா சொல்லுவார், மாமா."

பல்லன் இப்போதும் அழைக்கிறார், நான் எடுப்பதில்லை. துவக்கைக் கபிலன் அங்கே பொலிசில் ஒப்படைத்துவிட்டான், அவர்கள் அதை வெட்டி உருக்கிவிட்டார்களாம். கோதுகள் நாற்பத்துமூன்றும் பூமணியின் குசினியில் ஒரு ஊறுகாய்ப் போத்தலுக்குள் இருக்கின்றன. பல்லனின் துவக்கைத் தவிர உலகத்தில் வேறு எந்தத் துவக்கிலும் அவை போகா.