சுழி பார்த்து வாங்கிய குதிரை

அந்தியூர்க் குதிரைச் சந்தையில் ஜெயக்கொடியும் அவள் புருஷன் செல்லப்பனும் அந்த வெள்ளைக் குதிரையை ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நெற்றி, கழுத்து, வயிற்றடி என்று மயிர்ச்சுழிகளை ஒவ்வொன்றாகத் தேடி, வீட்டுக்கு ஆகாத சுழி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே செல்லப்பன் தலையாட்டினான். ஓடவிட்டுப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

செஞ்சியில் சாரட்டுக்காரம்மா என்றால் ஜெயக்கொடிதான். தொண்டூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையில் வளர்ந்தவள். செல்லப்பனுக்கு முழங்கால் தேய்ந்து, ஓட்டுகிற உயரப் பலகையில் ஏற முடியாமல் போனதிலிருந்து நான்கு வருஷமாக லகான் அவள் கையில். சுற்றுப்பட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை ஊர்வலம் அவள் வண்டியில்தான். எதையும் ஏன், எப்படி என்று துருவாமல் விடமாட்டாள். தையல் மெஷின் பழுதுபார்க்க வந்தவர், "நீயே பண்ணிக்கம்மா" என்று பாதியில் எழுந்து போனது உண்டு.

பழைய குதிரை சித்திரையில் செத்துவிட்டது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் பஜார் பாத்திரக்கடை பாலசுப்பிரமணியன் வீட்டுக் கல்யாணத்துக்குச் சாரட்டு பேசியாகிவிட்டது. புதுக் குதிரையை முதல் நாள் ஓடவிட்டபோதுதான் அவள் பார்த்தாள். மற்றக் குதிரைகள் ஓடும்போது கால்களைக் குறுக்காக மாற்றிப் போடும். இதுவோ இடப்பக்கத்துக் கால்கள் இரண்டையும் சேர்த்து எடுத்தது, பிறகு வலப்பக்கத்து இரண்டையும். இடக் கால்களில் சிவப்புத் துணி கட்டி மறுபடி ஓடவிட்டாள். சந்தேகமே இல்லை.

பேண்டு செட் முருகையன் அந்த வழியாக வந்தவர் நின்றார். "இன்னாப்பா செல்லப்பா, நொண்டியப் புடிச்சாந்துட்டியா? இதுல மாப்பிள்ளைய ஏத்துனா பொண்ணு ஊட்டுக்காரன் உடுவானா?"

செல்லப்பன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. கால்நடை டாக்டர் நான்கு கால்களையும் தடவிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். ஜெயக்கொடி, சந்தையில் குதிரையை முடித்துக்கொடுத்த தரகர் பூபதிக்கு போன் போட்டாள்.

"ஏனுங்க்கா, அது மார்வாரி சாதிங்க. அந்த நடைக்கு ரேவால்னு பேருங்க. மேல உக்காந்தா டம்ளர்ல தண்ணி சிந்தாதுங்க. புடிக்கலீன்னா பத்து நாளைக்குள்ள சொல்லுங்க, லாரி அனுப்பறேன்."

அவள் மாமனார் காலத்து வழக்கப்படி, புதுக் குதிரையை முதலில் இரண்டு சக்கர வண்டியில்தான் பழக்குவார்கள். அதில் பூட்டி, பலகையில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்து ஓட்டினாள். வண்டி படகு போல இடமும் வலமும் ஆடியது. தெருமுனை வருவதற்குள் சொம்பில் பாதி இல்லை.

"பாத்தியா? சிந்தாதுன்னானே உன் தரகன்!" என்றான் செல்லப்பன். "நாளைக்கே லாரிய வரச் சொல்லு."

ஒன்பதாம் நாள் அது. ஜெயக்கொடி வண்டியின் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரையின் இருபுறமும் போகிற கம்புகள் வண்டியோடு ஒன்றாக அடிக்கப்பட்டிருந்தன. குதிரை முதுகு அசைந்தால் வண்டியும் அசையத்தான் செய்யும். நான்கு சக்கரச் சாரட்டிலோ கம்புகள் முன்னச்சில் கொக்கியில் தொங்குகின்றன, தனியாக ஆடும்.

"யோவ், ஆடுறது குதிரை இல்லய்யா, வண்டி. சாரட்டுல கட்டிப் பாக்கலாம்."

"ஒரு மாசம் பழக்காம சாரட்டுல கட்டுவியா? எட்டி ஒதச்சா கண்ணாடி, பெயிண்டு எல்லாம் போச்சு. எங்க நைனா இருந்தா உன்ன..."

"உங்க நைனா சுழி பாக்கத்தான் சொல்லிக் குடுத்தாரு. கால் எப்புடிப் போவுதுன்னு பாக்கச் சொன்னாரா? நீ ஏறி உக்காரு. சொம்ப நீயே புடிச்சிக்க."

பின் சீட்டுக்குப் படி தாழ்வு. முனகிக்கொண்டே ஏறிய செல்லப்பன், விளிம்பு வரை நிரம்பிய சொம்பை மடியில் வைத்துக்கொண்டான். குதிரை உதைக்கவில்லை. கொஞ்ச தூரம் நடக்கவிட்டு, திருவண்ணாமலை ரோடு ஏறியதும் ஜெயக்கொடி லகானைத் தளர்த்தினாள். ஒரு பக்கம், மறு பக்கம் என்று குதிரை வேகம் பிடித்தது. கம்புகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. பின்னால் பேச்சே இல்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"இன்னாய்யா, தூங்கிட்டியா?"

"சும்மா இரு. தண்ணியப் பாத்துட்டு இருக்கேன்."

அந்த நேரம் பார்த்து வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியது. சொம்புத் தண்ணீர் மொத்தமும் அவன் வேட்டியில்.

வண்டியை நிறுத்தி அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "லாரிக்குச் சொல்லிடட்டுமா?" என்றாள்.

"ஸ்பீடு பிரேக்கருக்குக் குதிரை இன்னாடி பண்ணும்?" ஈர வேட்டியை உதறிக்கொண்டே சொம்பை நீட்டினான். "அந்த டீக்கடையில ரொப்பிக் குடு. முருகையன் ஊட்டு வழியாத் திருப்பு. அவன் பாக்கட்டும்."