என்ன கலர்?

“என்ன கலர்?” என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் தாளின்மேல் நிறுத்தி வைத்திருப்பாள் சிஸ்டர். பதில் வராமல் பேனா நகராது. நலமா, உட்காருங்கள் எல்லாம் அதற்கப்புறம்தான். வயிற்றுநோய்ப் பிரிவில், தானே சோதித்துப் பார்த்து மருந்தெழுதத் தகுதி பெற்ற நர்ஸ் அவள். பதினெட்டு வருடமாக ஊரார் வீட்டுக் கழிவறைச் சேதிகளைக் கேட்டுக் குறித்துக்கொள்வதே பிழைப்பு. பெரிய மனிதர்கள்கூட அந்த அறைக்குள் நுழைந்ததும் கவிஞர்களாகி விடுவார்கள். “வெளிய போறது சரியில்ல” என்பார் ஒருவர். “வெளியன்னா? கடைக்கா?” என்பாள், முகம் மாறாமல்.

செவ்வாய்க்கிழமை காலை வக்கீல் வந்தார். வயது எழுபத்தெட்டு. தொழிலை விட்டுப் பல வருடமாகியும் கறுப்புக் கோட்டை விடவில்லை. வயிற்றெரிச்சல், இரண்டு மாதமாக.

“காரணம் இவ சமையல்தான்” என்று விசாரணைக்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த மருமகள் தரையைப் பார்த்தாள். காரம், எண்ணெய், உப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துவிட்டாள். இனி நிறுத்த அடுப்பு ஒன்றுதான் பாக்கி.

“அது இருக்கட்டும் சார். என்ன கலர்?”

“இந்தக் கேள்வி விவகாரத்துக்குச் சம்பந்தமில்லாதது.”

“அதான் சார் விவகாரமே.”

“பொம்பளைங்க முன்னாடி எப்படிம்மா...”

“கேக்குறவளே பொம்பளைதான். சொல்லுங்க.”

“வழக்கமான கலர்” என்றார், கூரையைப் பார்த்தபடி. அத்தனை வருடம் கோர்ட்டில் நின்றவருக்குப் பொய் இவ்வளவு மோசமாகவா வரும்?

சிஸ்டர் அவருடைய கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. எழுந்து நிற்கச் சொன்னாள். நின்றவர் தடுமாறி மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார். “கால் மரத்துப்போச்சு” என்றார். கையில் கட்டியிருந்த கருவி, ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கிவிட்டதாகச் சொன்னது.

“முட்டி வலி உண்டா சார்?”

“இல்லாம இருக்குமா?”

“அதுக்கு என்ன போடுறீங்க?”

“அப்பப்ப ஒரு மாத்திரை.”

“அப்பப்பன்னா?”

“காலையில... மத்தியானம்... அப்புறம் சாயங்காலம்.”

“ஓஹோ. அப்பப்ப.”

உள்ளங்கையை நீட்டினாள். கோட்டின் உள்பையிலிருந்து, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை அட்டை வெளியே வந்தது. பத்தில் இரண்டுதான் மிச்சம்.

“தார் மாதிரி கறுப்பா போகுதா?”

வக்கீல் மருமகளைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். “ஒரு வாரமா” என்றார். குரலில் கோர்ட்டும் இல்லை, கட்சியும் இல்லை.

“இந்த மாத்திரை வயித்தைப் புண்ணாக்கி ரத்தம் கசியுது சார். இவங்க சமையலை விடுதலை பண்ணிடலாமா?”

சொல்லும்போதே அவள் கை போனை எடுத்திருந்தது. சக்கர நாற்காலி வந்தது. மதியத்துக்குள் வாய்வழியே குழாய் விட்டு வயிற்றைப் பார்த்து, கசியும் இடத்தை அடைத்து, இரண்டு பை ரத்தமும் ஏற்றினார்கள். “இன்னும் ஒருநாள் வீட்ல இருந்திருந்தா...” என்று டாக்டர் ஆரம்பித்தார்; முடிக்கவில்லை. நடையில் நின்று மருமகள் அழுதாள்.

“எதுக்கு அழறீங்க? எழுந்ததும் உங்க மேல அப்பீல் போடுவார், பாருங்க” என்றாள் சிஸ்டர். அழுகைக்கு நடுவே மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான்கு மணிக்கு வேலை முடிந்தது. சிஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாடி படியேறி வக்கீல் இருந்த வார்டுக்குப் போனாள்.

“என்ன சிஸ்டர், இந்தப் பக்கம்?” என்றாள் வார்டு நர்ஸ்.

“லிஃப்ட் தப்பான மாடியில விட்டுடுச்சு” என்றாள், மூச்சு வாங்கியபடி.

வக்கீல் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டுத் திரையில் நாடித்துடிப்பு பச்சை எண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர் மணிக்கட்டை மெல்லத் தூக்கி, மூன்று விரல்களைப் பதித்து, உதடு அசைய முழுதாக ஒரு நிமிடம் எண்ணினாள்.