ஜெகபர் அலி காத்திருந்த முப்பத்தெட்டு நிமிடம்

காலை ஐந்தரைக்கு ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு வெளியே ஜெகபர் அலியின் கார் வந்து நின்றது. இறங்கி, என் அப்பாவின் சைக்கிளைச் சுற்றி வந்தார். இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் பின் டயருக்குக் காற்றடித்தார்.

நான் சைக்கிள் ஓட்டுகிறவள் இல்லை. ஓர் ஆலையில் பொறியாளர். எந்த அளவு தாண்டினால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. நூற்றிருபது கிலோமீட்டர் மிதிக்க மூன்று மாதம் பழகினேன். அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல ஏற்கெனவே ஒருமுறை கே.கே. நகரில் அவர் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். "நான் திரும்பி வந்து பாத்திருக்கணும்மா" என்று அழுதார். சொல்லாமல் வந்துவிட்டேன். ஒரு நாள் முழுவதும் கூடவே இருந்தால் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

விஷயம் இதுதான். அப்பா சௌரிராஜன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஐந்து மாதத்துக்கு முன் இதே சுற்றில், திருவெள்ளறைக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது சாலையோரம் விழுந்தார். அவர் இருக்கும் இடம் என் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும். புள்ளி நின்றதைப் பார்த்தேன். அந்த வழியாக வந்தால் திருவெள்ளறைப் பெருமாளைச் சேவிக்காமல் வரமாட்டார். கோயிலில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு நிமிடம் கழித்து ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மாள் பார்த்து, சைக்கிளில் ஒட்டியிருந்த எண்ணைக் கூப்பிட்டார். அது ஜெகபர் அலியின் எண்.

அப்பாவின் சைக்கிளுக்குத் துணையாகக் காரில் போகிறவர் அவர். அப்போது முன்னால் போய் மண்ணச்சநல்லூரில் காத்திருந்தார். முன்பெல்லாம் கால் மணி நேரம் தாமதமானால் திரும்பி வந்து தேடுவார். அப்பாவுக்கு அது பிடிக்காது. அந்த முறை, தேட வேண்டாம், நான் போனில் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் சொன்னேன். அப்பா போனபின் எல்லோரிடமும் அன்று சிக்னல் இல்லை என்றேன். சைக்கிள்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் டிரைவர் தூங்கிவிட்டான் என்று எழுதினார்கள். அவர் மறுக்கவில்லை. நானும் அதே குழுவில்தான் இருந்தேன்.

கரூர் சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. அவர் இருபதடி பின்னாலேயே வந்தார். முக்கொம்பில் தண்ணீர் குடிக்க நின்றபோது, முன்னால் போய் நில்லுங்க பாய் என்றேன். தலையசைத்தார். பிறகும் பின்னாலேயே வந்தார். அந்த இன்ஜின் சத்தம் என்னை ஓரிடத்தில் இருக்க விடவில்லை. தேவையில்லாமல் கியர் மாற்றினேன். எழுந்து நின்று மிதித்தேன். குளித்தலையில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அங்கே அவர் வெள்ளரிக்காய் நறுக்கி உப்புத் தூவிக் கொடுத்தார். தின்றுவிட்டுக் கிளம்பினேன்.

ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். ஒன்பது வருஷம் முன்பு சைக்கிளுக்குத் துணையாகக் காரில் வரச்சொல்லி அப்பா கூப்பிட்டபோது, கார் இருக்கையில் எதற்கு மிதிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பிறகு தொழிலைக் கற்றுக்கொண்டார். சட்டையில் உப்புப் பூத்திருப்பதை வைத்து உடம்பில் எவ்வளவு தண்ணீர் குறைந்திருக்கிறது என்பார். களைப்பா என்று யாரையும் கேட்கமாட்டார். கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்களாம். வேறு ஏதாவது கேட்பார். பதில் தாமதமானால் சைக்கிளைத் தூக்கிக் காரின் கூரையில் கட்டிவிடுவார். அப்பா வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

"பதினேழு எட்டு எவ்வளவு சார்?"

"நூத்தி முப்பத்தாறு. உமக்கு விடை தெரியுமாய்யா?"

"தெரியாது சார். எவ்வளவு நேரத்துல சொல்றீங்கன்னுதான் பாக்குறேன்."

பெங்களூரிலிருந்தெல்லாம் சைக்கிள்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். இப்போது காரின் கூரையில் சைக்கிள் கட்டும் கம்பிச் சட்டம் இல்லை, விற்றுவிட்டார். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் ஆட்களை ஏற்றுகிறார். அத்தா இப்ப சைக்கிள்காரங்களுக்கு வர்றதில்லை என்றுதான் அவர் மகள் மெஹ்ரீன் போனில் சொன்னாள். யார் பேசுவது என்று தெரிந்ததும் அவரே வாங்கி, வருகிறேன் என்றார்.

முசிறியில் சொல்லவில்லை. துறையூரில் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு இறங்கவில்லை. அவரும் இலையை மூடினார்.

புலிவலம் தாண்டித் திருவெள்ளறை நெருங்கியதும் அவர் வேகம் குறைந்தது, இடைவெளி கூடியது. அப்பா விழுந்த இடம் அவருக்குத் தெரியும். நான் பிரேக் பிடித்தேன். அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன்.

"அன்னிக்கு சிக்னல் இருந்துச்சு பாய். புள்ளி நின்னதைப் பாத்தேன். கோயில்ல இருக்கார்னு நெனச்சுட்டேன்."

இன்ஜினை நிறுத்தினார். முதலில் எத்தனை மணிக்குப் பார்த்தேன் என்று கேட்டார். நாலு நாற்பது என்றேன். மறுபடி பார்த்தேனா? நாலு ஐம்பத்தைந்துக்கு. அப்போதும் அதே இடமா? ஆமாம்.

"'அத்தா, கண்ணசந்துட்டீங்களா'ன்னு என் மவளே கேட்டாம்மா" என்றார். "அவளுக்கு இல்லைன்னு சொன்னேன். எனக்கே சந்தேகமாயிருச்சு."

மன்னிப்புக் கேட்டேன்.

"குரூப்ல எழுதுங்க."

நின்றபடியே தட்டினேன். படிக்கச் சொன்னார். இருப்பிடத் தகவலைக் கணிப்பதில் நேர்ந்த பிழை என்று படித்தேன்.

"கணிக்கிறதுன்னா என்ன?"

"தப்பா நெனச்சுட்டேன்னு."

"அப்ப அதையே எழுதுங்க."

அழித்துவிட்டு எழுதினேன். 'அன்று சிக்னல் இருந்தது. அப்பா நின்றுவிட்டதை என் போனில் பார்த்தேன். கோயிலில் இருக்கிறார் என்று தப்பாக நினைத்தேன். தேடிப் போக வேண்டாம் என்று ஜெகபர் அலியிடம் சொன்னதும் நான்தான். அவர் தூங்கவில்லை.' படித்துக் காட்டினேன். மெஹ்ரீனுக்கும் அனுப்பச் சொன்னார். இரண்டும் போயின.

அவர் இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலை நிரப்பிச் சைக்கிளில் செருகினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. காரை எடுத்தார். இன்றைக்கு முதல்முறையாக என்னைத் தாண்டிப் போனார். வளைவு வரை பார்த்தேன். பிரேக் விளக்கு எரியவில்லை.

சட்டைப்பையில் போன் விட்டுவிட்டு அதிர்ந்தது. எடுக்கவில்லை. மண்ணச்சநல்லூரில் நிற்பாரா என்று தெரியாது. ஏறி மிதித்தேன்.