துடைப்பத்தோடு ஆராய்ச்சிக்குப் போன கதை

எலுமிச்சை வாசனை ஃப்ளோர் கிளீனர் மூக்கில் பட்டால் போதும்... எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் கோபமும் வரும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது எங்கள் காலேஜ். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மதியம் லேப்பில் எதைக் கலக்கினாலும் ரச வாசனைதான் அடிக்கும். நானும் என் தோழி மகேஸும் கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் நசுங்கிக்கொண்டு வருவோம்.

எனக்கு ஒரே வெறி... ஆராய்ச்சி செய்ய வேண்டும். யாரிடம் கேட்பது என்றுதான் தெரியாது.

ஒருநாள் போர்டில் நோட்டீஸ். "லேப்புக்கு வாலண்டியர்கள் தேவை. சனிக்கிழமை காலை." அவ்வளவுதான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை வாலண்டியர் என்றால் ஒரே அர்த்தம். கோத்தோங் ரோயோங்! எல்லாரும் சேர்ந்து கூட்டிக் கழுவ வேண்டும். சரி, அந்தச் சாக்கிலாவது மைக்ராஸ்கோப்பைக் கிட்டப் போய்ப் பார்க்கலாமே என்று கிளம்பினோம். வாரக் கடைசியில் செலாயாங் பாசார் சந்தையில் வேலை பார்த்த மகேஸ், அன்றைக்கு லீவு போட்டாள்.

பழைய டீ-சட்டை, துடைப்பம், சிவப்பு வாளி, அதற்குள் எலுமிச்சை வாசனை ஃப்ளோர் கிளீனர்...

லேப் கதவைத் திறந்தால், நாலைந்து பேர் லேப்டாப்போடு அழகாக உட்கார்ந்திருக்கிறார்கள். லெக்சரர் டாக்டர் சாந்தா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"கோத்தோங் ரோயோங் இல்லையா டாக்டர்?"

"இது ரிசர்ச் டீம் மீட்டிங்மா."

லேப்பே சிரித்தது. மகேஸ் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா லா, போயிடலாம். இதெல்லாம் நமக்கு இல்ல."

அந்த 'நமக்கு இல்ல' என் உடம்பையே எரித்தது. வாளியைத் தரையில் டொம்மென்று வைத்தேன்.

"நோட்டீஸ்ல ரிசர்ச்னு ஒரு வார்த்தைகூட இல்லையே டாக்டர். இவங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?"

"நான்... நேர்ல சொன்னேன்."

"அப்போ எங்ககிட்டயும் நேர்ல சொல்லுங்க. சனிக்கிழமை வச்சா வேலைக்குப் போறவங்க எப்படி வருவாங்க?"

சிரிப்பு நின்றது. ஆனால் டாக்டர் கோபப்படவில்லை. இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு, "உட்காருங்க ரெண்டு பேரும். வேற என்ன மாத்தணும், சொல்லு," என்றார்.

அடுத்த செமஸ்டரில் ஆராய்ச்சி, சனிக்கிழமையை விட்டு வகுப்பு நேரத்துக்கே வந்துவிட்டது. விருப்பப்பட்டவர்கள் எல்லாருக்கும் இடம். எங்கள் குழு கிள்ளான் ஆற்றுத் தண்ணீரைச் சோதித்தது. தண்ணீர் மொண்டது எதில் என்று நினைக்கிறீர்கள்? அதே சிவப்பு வாளிதான்!

ஆய்வுப் போட்டியில் ஒரு நடுவர் மகேஸிடம், "யார்மா ரிசர்ச்சர்? நீங்க ஹெல்ப்பரா?" என்று கேட்டார்.

"நாங்கதான் சார் ரிசர்ச்சர். கேள்வி கேளுங்க," என்றாள்.

கேட்டார். வெளுத்து வாங்கிவிட்டாள். முதல் பரிசு எங்களுக்கு! மேடையில் வாளியோடு எடுத்த படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

இன்று மகேஸ் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை லேப்புக்குத் தலைவி. நான் அதே காலேஜில் லெக்சரர். புது மாணவர்கள் வந்தால் ஒவ்வொரு வகுப்பாக ஏறி இறங்கி நானே சொல்வேன். "ரிசர்ச் பண்ணலாம், வாங்க. யாரு வேணும்னாலும் வரலாம். தொடப்பம் வேண்டாம்."

நாங்கள் துடைப்பத்தோடு போன அன்றைக்கு லேப்பில் பாதி நாற்காலி காலி. போன வாரம் இந்த செமஸ்டரின் முதல் மீட்டிங். உள்ளே போனால் ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை, எனக்குக்கூட இல்லை.

மூலையிலிருந்த சிவப்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து மீட்டிங்கை ஆரம்பித்தேன்.